ஹம் என்கிற அனாமத்துக் கணக்கு

"டப்... ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்..."

ஒன்றரை மாதம் பாக்கெட் மணி சேர்த்து, இரண்டு தடவை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அலைந்து, விரலில் இரண்டு இடத்தில் சூடு வாங்கி, ஒருவழியாகச் செய்து முடித்த ஆம்ப்ளிஃபயர் உலகத்துக்குச் சொன்ன முதல் வார்த்தை இதுதான். இத்தனைக்கும் பாட்டே போடவில்லை. வால்யூம் சைபரில் இருந்தது. ஆனாலும் ம்ம்ம்ம்ம்.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடா கண்ணு, மிக்சியை ஆஃப் பண்ணாம வந்துட்டேனா?"

வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி, "எங்கேயோ குளவி கூடு கட்டியிருக்கு, பாரு" என்றார்.

பல்லாவரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் நம்ம ஆள் இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை. சுவிட்சை அணைத்தான். உறுமல் நின்றது. மறுபடி போட்டான். குளவி திரும்ப வந்தது.

ஆயிரம் ரூபாய்க்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் கிடைக்கிற காலத்தில் இது தேவையா என்று கேட்கலாம். வகுப்பில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். காரணம் எளிமையானது. போகிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது இரண்டு மரப்பெட்டிகள் கிடைத்தன. உள்ளே எட்டு இன்ச் ஸ்பீக்கர். அவன் அப்பா கல்யாணத்துக்கு முன்னால் தன் கையால் அடித்த பெட்டிகள். பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதை இவன் பிடுங்கி வைத்துக்கொண்டான்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர்ப்பக்கம் இருந்த ஒரு வழக்கம் இந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. கம்பெனி செட் வாங்கக் காசில்லாதவர்கள் 'அசெம்பிள் செட்' வாங்குவார்கள். ரேடியோ மெக்கானிக் யாராவது கார் ஸ்டீரியோ ஒன்றை மரப்பெட்டிக்குள் வைத்து, டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, ஆம்ப்ளிஃபயர் போர்டு கோத்துக் கொடுப்பார். ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்ய வசதியில்லையா, இருக்கவே இருக்கிறது மண்பானை. பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து மாட்டினால் 'பேஸ்' கும்மென்று வரும். டீக்கடை, சலூன், டைலர் கடை என்று எங்கே போனாலும் ஒரு பானை பாடிக்கொண்டிருக்கும்.

அப்பாவிடமும் அப்படி ஒரு செட் இருந்திருக்கிறது. அக்கா பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றுவிட்டார். பெட்டிகளை மட்டும் யாரும் வாங்கவில்லை.

இங்கே ஒரு சிக்கல். அப்பாவுக்குத் தொழிலே வீட்டு ஒயரிங் வேலைதான். முப்பது வருஷ வயர்மேன். ஆனால் மகன் டெஸ்டரைக் கையில் எடுத்தாலே அவருக்குப் பிடிக்காது. "கரண்ட் வேலை என்னோட போகட்டும். நீ பேனா பிடிச்சுப் பொழைச்சுக்கோ" என்பார். அதற்காகத்தான் காமர்ஸ். அதற்காகத்தான் அடுத்து சி.ஏ. சேரச் சொல்லிக் கொண்டிருந்தார். எனவே ஆம்ப்ளிஃபயர் வேலை முழுவதும் அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில், மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன இடத்தில், அம்மாவின் மறைமுக ஆதரவோடு நடந்தது. வீட்டிலேயே ஒரு நிபுணரை வைத்துக்கொண்டு அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தால் என்ன ஆகும்? ம்ம்ம்ம்ம் ஆகும்.

ரிச்சி ஸ்ட்ரீட் தெரியாதவர்களுக்கு: மவுண்ட் ரோட்டில் சிம்சன் ஸ்டாப்பில் இறங்கி நடந்தால் வந்துவிடும். ஐம்பது காசு மதிப்புள்ள ரெசிஸ்டரிலிருந்து சிசிடிவி கேமரா வரை எல்லாம் கிடைக்கும். நம்ம ஆள் காமர்ஸ் மாணவன் ஆயிற்றே, ஒரு நாற்பது பக்க நோட்டில் வரவு செலவு எழுதிக்கொண்டே வாங்கினான். 12-0-12 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. டிடிஏ 2030ஏ ஐ.சி. இரண்டு, இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. பிரிட்ஜ், கண்டென்சர், வால்யூம் கன்ட்ரோல், தகரப் பெட்டி, சில்லறைச் சாமான்கள். மொத்தம் 1,380 ரூபாய்.

கடைக்கார அண்ணன் நல்லவர். "தம்பி, மைக்கா வாங்கிக்கிட்டியா?" என்று அவராகவே கேட்டார்.

"எதுக்குண்ணா?"

"இந்த ஐ.சி.யோட முதுகுத் தகடு மைனஸ் சப்ளையில இருக்கும்பா. மைக்கா வைக்காம பெட்டியில முடுக்கினா, போட்ட உடனே பியூஸ் போயிடும்."

மைக்கா வாங்கினான். ஆனால் கண்டென்சரில் கஞ்சத்தனம் செய்தான். 4700 மைக்ரோ ஃபாரட் வாங்க வேண்டிய இடத்தில் 1000 வாங்கினான். நோட்டில் நாற்பது ரூபாய் மிச்சம் காட்டியது. அந்த நாற்பது ரூபாய் பிறகு என்ன பாடு படுத்தியது என்பது இனிமேல்தான்.

ஹம் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். நம் வீட்டுக்கு வரும் கரண்ட் ஒரு விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60. ஆம்ப்ளிஃபயருக்கோ ஆட்டம் இல்லாத டி.சி. வேண்டும். அதனால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் குறைத்து, பிரிட்ஜில் ஒரே திசைக்குத் திருப்பி, கண்டென்சரில் நிரப்பிக் கொடுக்கிறோம். 12 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் சுமார் 17 வோல்ட். பிரிட்ஜில் கொஞ்சம் கழிந்து பிளஸ் 16, மைனஸ் 16 என்று கிடைக்கும். டிடிஏ 2030ஏ 22 வரை தாங்கும் என்பதால் பயமில்லை.

பிரிட்ஜ் இரண்டு அரைச்சுற்றுகளையும் பயன்படுத்துவதால், கண்டென்சர் ஒரு விநாடிக்கு 100 தடவை நிரம்புகிறது. இரண்டு நிரப்பலுக்கு நடுவே அது கொஞ்சம் வடிகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் 'ரிப்பிள்'. கண்டென்சர் சின்னதாக இருந்தால் ஏற்ற இறக்கம் பெரியதாக இருக்கும். அது பாட்டோடு கலந்தால் 100 ஹெர்ட்ஸில் 'ர்ர்ர்' என்று கரகரப்பாக ஒரு சத்தம் வரும். 50 ஹெர்ட்ஸில் வருவது வேறு ஜாதி. அது 'ம்ம்ம்' என்று மொழுமொழுவென்று இருக்கும். அது பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்து வரலாம், பக்கத்து ஒயரிலிருந்து வரலாம், இரண்டு கருவிகளின் எர்த்துகளுக்கு இடையே உருவாகும் வளையத்திலிருந்தும் வரலாம். கச்சேரியில் தம்புரா வைப்பார்களே, அதுபோல ஈ.பி. ஆபீஸ் இலவசமாகத் தரும் சுருதி. கேட்காமலே தருவார்கள்!

நம்ம ஆளின் பெட்டியில் இரண்டு ஜாதியும் கூட்டணி வைத்திருந்தன.

முதல் வேலையாக மூன்றாவது தடவை ரிச்சி ஸ்ட்ரீட் போய் 4700 கண்டென்சர் வாங்கி வந்து மாற்றினான். (நோட்டில் நாற்பது ரூபாய் மிச்சம் இப்போது நூற்று இருபது ரூபாய் நஷ்டம்.) கரகரப்பு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. லேப்டாப்பை ஒயர் போட்டு இணைத்துப் பாட்டு வைத்தால் நிலைமை இன்னும் மோசம். 'ம்ம்ம்' இரண்டு மடங்கு ஆனது. மெதுவான பாட்டுகள் எல்லாம் ரைஸ் மில்லுக்குப் பக்கத்தில் ரெக்கார்ட் செய்தது போலக் கேட்டன.

இரண்டு வாரம் ஓடியது. காலேஜில் பக்கத்து பெஞ்ச் நண்பன்தான் அந்த ஐடியாவைக் கொடுத்தான். அவன் கல்யாண மண்டபங்களுக்கு சவுண்ட் செட் போடும் குழுவோடு பார்ட் டைமாகப் போய் வருபவன்.

"மச்சி, ரொம்ப சிம்பிள். பிளக்கைக் கழட்டி எர்த் ஒயரை மட்டும் எடுத்துவிடு. ஹம் ஓடிப் போயிடும். நாங்க எத்தனை இடத்துல பண்ணியிருக்கோம்."

அன்று சாயங்காலமே செய்தான். மூன்று பின் பிளக்கின் மூடியைக் கழற்றினான். தடித்த பின்னிலிருந்து பச்சை ஒயரை விடுவித்தான். முனையில் டேப் சுற்றி உள்ளேயே மடக்கி வைத்தான். மூடினான். சுவிட்ச் போட்டான்.

டப்.

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. உற்றுக் கேட்டால் மட்டும் மெல்லிய ஒரு கரகரப்பு. பாட்டு போட்டதும் அதுவும் மறைந்துவிட்டது. முப்பது வயதான ஸ்பீக்கர்களிலிருந்து புல்லாங்குழல் வந்து கூடத்தில் உட்கார்ந்தது. பாட்டி குளவியை மறந்து தாளம் போட்டார். அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து நின்றார். நம்ம ஆளுக்குக் கால் தரையில் இல்லை.

கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு காமர்ஸ் விஷயம்.

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இருப்பாய்வு தெரியும், அதுதான் டிரையல் பேலன்ஸ். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் எங்கோ பிழை. பிழையைத் தேட நேரமில்லை என்றால் என்ன செய்வார்கள்? வித்தியாசத்தை 'அனாமத்துக் கணக்கு' என்று ஒரு தலைப்பில் போட்டுவிடுவார்கள். சஸ்பென்ஸ் அக்கவுண்ட். இரண்டு பக்கமும் டாண் என்று பொருந்திவிடும். ஆனால் பிழை எங்கும் போகவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் சத்தம் மட்டும்தான் நின்றிருக்கிறது.

நம்ம ஆள் அந்தப் பாடத்தை அந்த செமஸ்டரில்தான் படித்துக் கொண்டிருந்தான். ஆனால் பிளக்கின் மூடியை மூடியபோது அது ஞாபகம் வரவில்லை.

அப்பா அன்று ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

வாசலிலேயே செருப்போடு நின்றார். தன் பெட்டிகளைப் பார்த்தார். பாட்டைக் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் வேறு ஏதோ இருந்தது. அம்மாவுக்கு நிம்மதி. பிறகு அவர் கண் ஸ்பீக்கரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போனது, அங்கிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டு பிளக் வரைக்கும் போனது. முப்பது வருஷப் பழக்கம்.

"ஹம் இல்லையே, எப்படிடா?"

"முதல்ல இருந்துச்சுப்பா. எர்த்தை எடுத்துட்டேன். போயிடுச்சு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். லேப்டாப்பிலிருந்து வந்த ஆடியோ ஒயரைப் பிடுங்கினார். பாட்டு நின்றது. டெஸ்டர் முனையைத் தகரப் பெட்டியின் மேல் வைத்தார். உள்ளே இருந்த நியான் பல்பு மங்கலாகச் சிவந்தது.

"இது வெறும் லீக்கேஜ். இப்ப தொட்டா சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்றார். "நாளைக்கு டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போச்சுன்னா? இல்ல, ஃபேஸ் ஒயர் அவுந்து தகரத்துல பட்டா? எர்த் இருந்தா பியூஸ் போயிடும். எர்த் இல்லன்னா பெட்டி முழுக்க 230 வோல்ட் நிக்கும். யாராவது தொடற வரைக்கும் நிக்கும்."

"ஆடியோ ஒயர் வழியா லேப்டாப் எர்த் இருந்துச்சேப்பா..."

"அது தலைமுடி மாதிரி ஒயருடா. ஃபால்ட் கரண்ட் வந்தா அந்த ஒயர் எரியும். இல்லன்னா லேப்டாப் எரியும். அதை யாராவது பிடுங்கிட்டா அதுவும் இல்ல."

பிறகு உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொன்னார். முப்பது வருஷத்தில் வீட்டில் யாரிடமும் சொல்லாத கதை.

தொழிலுக்கு வந்த புதிது. ஒரு வீட்டில் புது வெட் கிரைண்டர் வாங்கியிருந்தார்கள். மறுநாள் வீட்டில் விசேஷம், மாவு ஆட்டியாக வேண்டும். அடுப்படியில் மூன்று பின் சாக்கெட் இல்லை. "ஏதாவது பண்ணிக் கொடுப்பா" என்றார்கள். இவர் பச்சை ஒயரை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக்கை மாட்டிக் கொடுத்தார். அப்புறம் வந்து சாக்கெட் மாற்றித் தருவதாகச் சொன்னார். அப்புறம் என்பது வரவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், ஈரத் தரையில் நின்றுகொண்டு மாவு வழித்த அந்த வீட்டு அம்மாவைக் கிரைண்டர் பிடித்துக்கொண்டது. பையன் ஓடிப்போய் மெயினை அணைத்ததால் பிழைத்தார். ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவே இல்லை.

"யாரும் என்னைக் குத்தம் சொல்லல. நான்தான் பிளக் மாட்டினேன்னு அவங்களுக்கு ஞாபகம் கூட இல்ல. எனக்கு இருக்கு. இன்னிக்கும் அந்தத் தெரு வழியா நான் போறதில்ல."

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதற்கு மேல் அப்பா திட்டவும் இல்லை, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடவும் இல்லை. பச்சை ஒயரைத் தன் கையாலேயே பழைய இடத்தில் மாட்டினார். மாட்டும்போது ஒரு விஷயம் காட்டினார். "பார், இந்த எர்த் பின் மட்டும் ஏன் நீளமா, தடியா இருக்கு? உள்ள போகும்போது இதுதான் முதல்ல தொடணும். வெளிய வரும்போது இதுதான் கடைசியா விடணும். டிசைன் பண்ணவன் அவ்வளவு யோசிச்சிருக்கான். நீ அதை டேப் சுத்தி வச்சிருக்க."

சுவிட்ச் போட்டார். ம்ம்ம்ம்ம்ம். குளவி வந்தது.

"இப்ப இதைத் தேடு" என்றார். "ஹம் அடிச்சா அது உனக்கு எதையோ சொல்லுதுன்னு அர்த்தம். வாயைப் பொத்தாதே. என்னன்னு கேளு."

அன்று ராத்திரிதான் நம்ம ஆளுக்கு அனாமத்துக் கணக்கு ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும். டிரையல் பேலன்ஸ் பொருந்திவிட்டால் மட்டும் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று வாத்தியார் பத்து தடவை சொல்லியிருந்தார். ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடுசெய்தாலும் பொருந்தத்தான் செய்யும். சத்தம் இல்லாததால் எல்லாம் சரி என்று நினைத்தது அந்த வகை.

மறுநாளிலிருந்து தணிக்கை ஆரம்பமானது. ஒவ்வொரு பதிவாகச் சரிபார்ப்பது போல.

முதல் கேள்வி: வால்யூமைக் குறைத்தால் ஹம் குறைகிறதா? குறைந்தால் அது வால்யூமுக்கு முன்னால், இன்புட் பக்கத்திலிருந்து வருகிறது. குறையாவிட்டால் வால்யூமுக்குப் பின்னால், பவர் சப்ளையிலோ உள் ஒயரிங்கிலோ இருக்கிறது. இவன் பெட்டியில் கரகரப்பு குறையவில்லை. 'ம்ம்ம்' மட்டும் பாதி குறைந்தது. ஆக, பிழை ஒன்றல்ல.

இரண்டாவது கேள்வி: லேப்டாப்பைக் கழற்றிவிட்டு, இன்புட் சாக்கெட்டில் ஷார்ட் செய்த ஒரு பின்னைச் செருகினால்? 'ம்ம்ம்' பெரும்பகுதி போனது. மீதி இருந்தது.

மூன்றாவது: லேப்டாப் ஒயரை மாட்டிவிட்டு, சார்ஜரை மட்டும் பிளக்கிலிருந்து எடுத்தால்? அப்போதும் போனது. ஆக, பெரிய 'ம்ம்ம்' சார்ஜரின் எர்த்துக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக்கும் நடுவே ஆடியோ ஒயர் வழியாகச் சுற்றும் வளையம். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். எர்த்தை எடுத்தபோது ஹம் போனதன் காரணமும் இதுதான். வளையத்தை வெட்ட வேண்டியது சரிதான். உயிரைக் காக்கும் இடத்தில் வெட்டியதுதான் தப்பு.

முதலில் கரகரப்பு. பெட்டியைத் திறந்து கிரவுண்ட் ஒயர்கள் எங்கெங்கே போகின்றன என்று ஒரு தாளில் வரைந்தான். வரைந்ததுமே தலையில் அடித்துக்கொண்டான். டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரிலிருந்து கிளம்பி, இன்புட் சாக்கெட்டுக்குப் போய், அங்கிருந்து போர்டுக்குப் போய், அங்கிருந்து ஸ்பீக்கருக்குப் போய், கடைசியாகக் கண்டென்சருக்குப் போயிருந்தது. ஒயர் மிச்சம் பிடித்த லட்சணம்!

இதில் என்ன தப்பு? கண்டென்சர் நிதானமாக நிரம்புவதில்லை. ஒவ்வொரு அலையின் உச்சியிலும், மிகக் கொஞ்ச நேரத்தில், அவசரம் அவசரமாக நிரம்புகிறது. தெருவுக்குத் தண்ணி லாரி வந்ததும் எல்லாக் குடங்களும் ஒரே நேரத்தில் ஓடுமே, அந்த மாதிரி. அந்தக் கரண்ட் 2 ஆம்பியர், அது போகும் ஒயரின் தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒயரின் இரண்டு முனைகளுக்கு நடுவே 40 மில்லி வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். அதில் ஒரே ஒரு மில்லி வோல்ட் இன்புட்டில் கலந்தாலும் போதும். 22 கிலோ ஓம், 680 ஓம் ரெசிஸ்டர்கள் போட்ட இந்த ஐ.சி. எதையும் 33 மடங்கு பெருக்கிக் கொடுக்கும். ஸ்பீக்கரில் 33 மில்லி வோல்ட் 'ர்ர்ர்'. அமைதியான அறையில் அது நன்றாகவே கேட்கும். ஐ.சி.க்குப் பாட்டு எது, குப்பை எது என்று தெரியாது. வந்ததைப் பெருக்கும்.

வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் ஒரே கல்லாவில் போட்டு எடுத்தால் கணக்கு என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருந்தது. பரிகாரமும் அதுவேதான். பிரித்து வை. இரண்டு கண்டென்சர்களும் சேரும் இடத்துக்கு டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரைக் குட்டையாக, தடியாக நேரே கொண்டுபோனான். நிரப்பும் வேலை அந்த ஒயரோடு முடிந்தது. அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒரே ஒரு புள்ளி. ஸ்பீக்கர் ஒயர்கள், போர்டு, இன்புட் எல்லாம் தனித்தனி ஒயரில் அந்தப் புள்ளிக்கு வந்தன. நட்சத்திரம் மாதிரி இருப்பதால் ஸ்டார் கிரவுண்ட் என்று பெயர். ஒருவர் வழியில் இன்னொருவர் வருவதில்லை.

கரகரப்பு போயே போய்விட்டது. ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்து, ஷார்ட் செய்தும் மிச்சமிருந்த 'ம்ம்ம்'. டிரான்ஸ்ஃபார்மர் இன்புட் சாக்கெட்டுக்கு இரண்டு இன்ச் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதைப் பெட்டியின் எதிர் மூலைக்கு மாற்றினான். ஸ்குரூவைத் தளர்த்தி மெல்லத் திருப்பிப் பார்த்தபோது ஒரு கோணத்தில் சத்தம் சட்டென்று அடங்கியது. அந்த இடத்திலேயே முடுக்கினான். ஏ.சி. ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கினான். இன்புட்டுக்குச் சாதா ஒயரை எடுத்துவிட்டு ஷீல்டு ஒயர் போட்டான். இன்புட் சாக்கெட் தகரத்தைத் தொடாதபடி பிளாஸ்டிக் வாஷர் போட்டான்.

கடைசியாக அந்த வளையம். இதற்கு மட்டும் அப்பாவிடம் போய் நின்றான். வரைந்த தாளைக் காட்டினான். தகரப் பெட்டிக்கும் எர்த் பின்னுக்கும் நேரடி ஒயர். உள்ளே ஸ்டார் புள்ளிக்கும் பெட்டிக்கும் நடுவில் மட்டும் 10 ஓம் ரெசிஸ்டர், அதற்கு இணையாக எதிரும் புதிருமாக இரண்டு தடித்த டயோடுகள். வளையத்தில் ஓடும் சின்னக் கரண்டை ரெசிஸ்டர் அடக்கிவிடும். ஏதாவது ஃபால்ட் வந்து பெரிய கரண்ட் பாய்ந்தால் டயோடுகள் திறந்து வழி விடும், பியூஸ் போய்விடும்.

அப்பா தாளை இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்தார். "பெட்டிக்கும் எர்த்துக்கும் நடுவுல எதுவும் இல்லையே?"

"எதுவும் இல்லப்பா. பச்சை ஒயர், லக் அடிச்சு, தனி நட்டு."

"பெயிண்ட்டைச் சுரண்டிட்டு முடுக்கு. பெயிண்ட் மேல முடுக்கினா எர்த் வராது."

சுரண்டினான். முடுக்கினான். லேப்டாப் சார்ஜரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினான், வளையம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. ஆனால் சுவிட்ச் போட அப்பா விடவில்லை. பிளக்கை வெளியே எடுக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறுமுனையைத் தகரத்திலும் வைத்தார். பீப் அடித்தது. பெட்டியின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். நான்கிலும் பீப்.

"ம். இப்ப போடு."

டப்.

ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தான். மிக மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' மட்டும், தூரத்து மழை மாதிரி. ஓரடி தள்ளினால் அதுவும் இல்லை.

இல்லை, இருக்கிறது! எங்கிருந்தோ ஒரு மெல்லிய ம்ம்ம். நம்ம ஆளுக்கு முகம் விழுந்துவிட்டது. வால்யூமைக் குறைத்தான், ஏற்றினான். சார்ஜரைப் பிடுங்கினான். ஒயரைப் பிடுங்கினான். ம்ம்ம். கடைசியில் ஆம்ப்ளிஃபயரையே ஆஃப் செய்தான். அப்போதும் ம்ம்ம்.

"டேய், அது ஃபிரிட்ஜுடா" என்றார் அம்மா.

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் அப்படி முனகிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எல்லோர் காதிலும் விழுந்தது.

அப்பா அன்று முழுப் பாட்டு ஒன்றைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பாய் மேல் சம்மணம் போட்டு, தன் பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்து. முடிந்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாராட்டுவார் என்று நம்ம ஆள் காத்திருந்தான்.

"பேஸ் கொஞ்சம் பத்தல" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்கு ஒயரிங் பார்க்கக் கிளம்பியபோது, "எர்த் எப்படிச் செக் பண்றதுன்னு காட்றேன், வர்றியா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

செமஸ்டர் பரீட்சையில் அனாமத்துக் கணக்கு பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. நம்ம ஆள் ஒழுங்காக எழுதினான். வித்தியாசத்தைத் தற்காலிகமாக அங்கே வைக்கலாம், பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் அந்தக் கணக்கு தானாக முடிந்துவிடும் என்று. கணக்கில் அந்தச் சலுகை உண்டு. எர்த்தில் தற்காலிகம் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் 'அப்புறம்' முப்பது வருஷமாகியும் வரவில்லை.

பி.கு.: செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. பெட்டியைத் திறப்பதற்கு முன் பிளக்கை எடுங்கள், கண்டென்சர் வடியும் வரை காத்திருங்கள், முதல் தடவை சுவிட்ச் போடும்போது விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தால், திட்டினாலும் பரவாயில்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இரண்டு தடவை மிச்சம்.